வாலில் மட்டும் கறுப்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை இஸ்திரி உருளைக்குள் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, ஓரத்தை நேராக்கி, ஒரே மூச்சில் உள்ளே தள்ள வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினால் போதும், விரிப்பு கோணிக்கொண்டு போய் மறுபக்கம் சுருக்கம் விழுந்து வரும். மேற்பார்வையாளர் அதைத் தூக்கிப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். வாயைத் திறந்து திட்டமாட்டார். அதற்குப் பதில் திட்டியேயிருக்கலாம்.

சின்னவள் பதினொரு வருஷமாக அந்த உருளைக்கு முன்னால் நிற்கிறாள். இரண்டு பெண்களில் இளையவள் என்று வீட்டில் வைத்த பெயர், வேலைக்கு வந்த இடத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதிர்முனை பிடிப்பவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். இரண்டு பேரும் பேசாமலே ஒருவர் கையை மற்றவர் படித்துவிடுவார்கள். அன்று காலையிலிருந்து மூன்று விரிப்புகள் கோணிக்கொண்டு போயிருந்தன.

"என்னடி, ரெண்டு நாளா உன் கை உன்கிட்ட இல்ல?" என்றாள் நெட்டை.

"மழை. தூக்கம் சரியில்ல."

"மழை எனக்கும் சேர்த்துத்தான் பெய்யுது."

நீராவியில் எதிரே நிற்பவள் முகம் பாதிதான் தெரியும். அது ஒரு வசதி. சின்னவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். பதினொரு மணி இருக்கும், வாசல் காவலாளி வந்து உருளைச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"உன் பொண்ணு ஸ்கூல்லருந்து ஃபோன். டீச்சர் உடனே வரச் சொல்றாங்க."

"என்னவாம்?"

"அதெல்லாம் சொல்லல. வரச் சொன்னாங்க."

அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இந்த ஃபோனுக்காக அவள் எத்தனையோ நாளாகக் காத்திருந்ததைப் போலத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு வண்டி பாக்கி இருக்கு. போனோமா வந்தோமான்னு இரு," என்றார்.

குடை இருந்தும் விரிக்கத் தோன்றாமல் நடந்தாள்.

முந்தாநாள் நடந்தது இதுதான். அவர்கள் இருப்பது ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் கட்டில். அவள் கணவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். காலை எட்டு மணிக்குப் படுத்தால் சாயங்காலம் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். அவள் விடியுமுன் வேலைக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புவாள்; மகள் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அதற்குப் பிறகு மூன்று மணிநேரம் அந்த வீட்டில் தும்மலுக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். மகளுக்கு எட்டு வயது. குதிகால் தரையில் படாமல் நடக்கத் தெரியும். பெட்டியின் கொக்கியைத் துணி வைத்துப் பிடித்துச் சத்தமில்லாமல் திறக்கத் தெரியும். வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் செருப்பு கிடக்கும் விதத்தைப் பார்ப்பாள். ஜோடியாக இருந்தால் ஒரு மாதிரி, ஆளுக்கொரு திசையில் கிடந்தால் வேறு மாதிரி.

அன்று ஆளுக்கொரு திசையில்தான் கிடந்தன. மேற்பார்வையாளர் இரண்டு தடவை விரிப்பைச் சுற்றிக் காட்டியிருந்தார். நாலு நாளாகத் துணி காயாமல் வீடு முழுக்க ஈர நாற்றம். சின்னவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள். ஈரக் கை, மேல் தட்டு நழுவி விழுந்து சிமெண்டுத் தரையில் வட்டமடித்துச் சுழன்றது. அடங்குவதற்கு ஒரு யுகம் ஆயிற்று.

கட்டிலில் இருந்து குரல் வந்தது. "மனுஷன் ஒரு மணி நேரம் கண்ண மூடக் கூடாதா இந்த வீட்ல?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மகளை அடித்ததே இல்லை. சின்னவள் அடிக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

மரக்கரண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மகள் தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். இரண்டு அடி முதுகில், மூன்றாவது கையில். அப்போது தன் வாயிலிருந்து வந்தது மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தது: "அழுதே, இன்னும் விழும்." மெதுவான குரலில்தான் சொன்னாள், கணவர் தூங்க வேண்டுமே. மகளும் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு சுழன்று விழுந்த தட்டை எடுத்து அடுக்கினாள்.

பிறகு வழக்கம்போல் எல்லாம் நடந்தது. பால் காய்ச்சிச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். மடியில் போட்டுத் தலையைக் கோதினாள். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள். "இல்லம்மா," என்றாள் மகள். அது ஒன்றே போதும் என்று சின்னவளும் நம்பிக்கொண்டாள். நம்பாவிட்டால் மறுநாள் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக முடியாது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிட்டு, வரைபடங்கள் சுருட்டி வைத்திருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷமே இருக்கும் வயது. எதிரே மகள், கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

"உக்காருங்கம்மா. நனைஞ்சிருக்கீங்களே," என்றார் டீச்சர். "ஒண்ணுமில்ல. பாப்பா நேத்துலருந்து இடது கையால எழுதறா. நானும் விளையாட்டுன்னு நெனச்சேன். பாருங்க."

நோட்டை நகர்த்தி வைத்தார். எழுத்துகள் குடிகாரன் நடைபோல் சாய்ந்து கிடந்தன. ஆனால் ஒரு வரியைக்கூட விடாமல் எழுதியிருந்தாள்.

"வலது கையைக் காட்டச் சொன்னேன். வீங்கியிருக்கு. தொட்டா முகம் சுருங்குது, ஆனா வலிக்கலைங்கறா. என்ன ஆச்சுன்னு உங்களையே கேட்டுடலாம்னு..."

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் விழுந்துட்டேன் டீச்சர். வாசப்படியில. மழைல ஈரமா இருந்துச்சா, அப்ப ஒரு பூனை குறுக்க ஓடிச்சு. வெள்ளைப் பூனை. வால்ல மட்டும் கறுப்பு. அத மிதிச்சிடக் கூடாதேன்னு நகர்ந்தேன், வழுக்கிடுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தாள்: "அம்மா அப்ப வேலையில இருந்தாங்க."

குரல் நடுங்கவில்லை. கண் டீச்சரின் கண்ணைவிட்டு விலகவில்லை.

சின்னவளுக்கு இந்தப் பாடம் பழக்கமானது. அவளுடைய அப்பா லேத் பட்டறைக்காரர். அவர் கையில் எப்போதும் ஒரு இரும்பு அளவுகோல் இருக்கும். இரவில் ஒரே போர்வைக்குள் அக்காவும் அவளும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பார்கள். 'சும்மா விழுந்துட்டேன்னு சொல்லாதே, யாரும் நம்ப மாட்டாங்க. சின்னதா ஏதாச்சும் சேத்துக்கோ. கலர் சொல்லு. அப்பா அப்ப வீட்டுல இல்லன்னு கடைசில சொல்லு.' அக்கா சொல்லிக்கொடுத்தாள், அவள் கற்றுக்கொண்டாள். மகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? போர்வைக்குள் துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அப்படியா," என்றார் டீச்சர். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "சரிம்மா, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எலும்பா இருக்கப் போகுது."

அதோடு முடிந்துவிட்டது. மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். மகளின் விரல்கள் அவள் கைக்குள் ஒரு தடவை அழுந்தின. பாத்தியா, சமாளிச்சுட்டேன் என்பதுபோல.

சின்னவள் நின்றாள்.

"பூனையெல்லாம் இல்ல டீச்சர்."

"அம்மா," என்றாள் மகள்.

"விழல அவ. நான்தான் அடிச்சேன். கரண்டியால. இது மொத தடவ இல்ல."

மகள் தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டாள். டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார். தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இத நான் மேல சொல்லியே ஆகணும். தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்ல. எனக்கு நிரூபிக்க ஒண்ணும் கிடையாது."

"தெரியும் டீச்சர்," என்றாள் சின்னவள். முப்பது விரிப்பைத் தொடர்ந்து உருளைக்குள் விட்டவள்போல் கை இரண்டும் தொங்கிக் கிடந்தன.

தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கட்டுக்கு மேலே விரிசல் என்றார் டாக்டர். மாவுக்கட்டுப் போட மகளைப் படுக்க வைத்தார்கள். விரிப்பின் ஓரத்தில் லேசாக ஒரு சாய்வு மடிப்பு இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவளும் நெட்டையும் விட்ட விரிப்பு. அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். இந்தத் தடவையும் அம்மாவே சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை.

சாயங்காலம் கணவர் சீருடைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கொழந்தையே அழகா சமாளிச்சிருக்கா. நீ போய் வலிய மாட்டிக்கிட்டியே."

"ஆமா."

"எந்த வீட்ல பிள்ளைய அடிக்கல? நான் வாங்காத அடியா? கெட்டா போயிட்டேன்?"

சின்னவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க சுவத்தப் பாத்துப் படுத்துக்குவீங்களே, டாக்டர்கிட்ட அதையும் சொல்லிட்டேன்," என்றாள்.

அவர் கை கடைசிப் பொத்தானில் நின்றது. "நான் என்னடி பண்ணினேன்?" என்றார். கேட்ட மாதிரியும் இருந்தது, கெஞ்சிய மாதிரியும் இருந்தது. சோற்றுப் பாத்திரத்தை எடுக்க மறந்து வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம், கணவர் வேலைக்குப் போன பிறகு அக்கா வந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. விரல் நுனியெல்லாம் வெளுத்து மழுங்கியிருக்கும். அவள் கணவரான மாமாவும் அவளும் மட்டுமாக இரண்டறை வீட்டில் இருந்தார்கள். குழந்தை இல்லை. உறவுக்காரர்கள் அவளுக்குச் சொல்லாத வைத்தியம் இல்லை. உள்ளே வந்து மாவுக்கட்டைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நாளாடி?"

"மூணு வயசுலருந்து."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா.

சின்னவள் நிமிர்ந்தாள்.

"போன வருஷம் இங்க வந்தப்ப டம்ளர கொட்டிட்டா. நீ கிட்டக்கூட இல்ல. அவ ஒடனே உன்னப் பாக்கல, உன் கையைப் பாத்தா. அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பஸ் ஏறிப் போயிட்டேன். அப்பாகிட்ட இருந்து உன்ன மறைக்கத் தெரிஞ்சுது எனக்கு. உன்கிட்ட இருந்து அவள மறைக்கணும்னு தோணலையே."

"என்னைத் திட்டுக்கா."

"திட்டி என்ன ஆகப்போகுது. களைப்பா இருக்கு." வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு ஏன் பிள்ளை இல்லன்னு ஊரே கேக்குதே. ஒரு கோளாறும் கிடையாது. நான்தான் வேண்டாம்னேன். கல்யாணமான புதுசுல, மாமா வளத்த நாய்க்குட்டி மெத்தைல அசிங்கம் பண்ணிடுச்சு. தூக்கிச் சுவத்துல அடிச்சுட்டேன். அடிச்ச பெறகுதான் அடிச்சேன்னே தெரியுது. அன்னைக்கே முடிவு பண்ணினேன், இந்தக் கைக்குப் பிள்ளை வேண்டாம்னு. மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல."

சின்னவள் அப்பாவைப் பற்றி நினைத்தாள். செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்!

அந்த வாரமே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கணவரை எழுப்பி உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். மகளை மட்டும் தனியாக வாசலில் வைத்து அரைமணிநேரம் பேசினார். மகள் பூனைக் கதையை விடவில்லை. அதிகாரியம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"தற்காலிகமா பெரியம்மா வீட்ல இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க போய்ப் பாக்கலாம், அவங்க முன்னாடி. நீங்க ரெண்டு பேரும் வாரா வாரம் எங்க சென்டர்ல வகுப்புக்கு வரணும். அப்புறம் பாத்து முடிவு பண்ணலாம்."

"அப்புறம்னா எப்ப மேடம்?"

"இப்ப சொல்ல முடியாதும்மா."

அக்கா வீட்டில் சோபாவை மகளுக்குக் கட்டிலாக்கினார்கள். முதல் இரவுக்கு முன்னாலேயே அக்கா மாமாவிடம் சொல்லிவிட்டாளாம்: "என் கை ஒரு தடவ மேல போச்சுன்னா அன்னைக்கே நீங்களே அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டுடணும்." மாமா அதிகாரியம்மாவின் எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தார்.

வகுப்புக்குச் சின்னவள் தவறாமல் போனாள். கணவர் முதல் இரண்டு தடவை வரவில்லை. மூன்றாம் தடவை தூக்கக் கண்ணோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நடத்திய பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "கோபம் வந்தா அந்த அறையை விட்டு வெளிய போயிடுங்க," என்றாள்.

"எங்க வீட்டுக்கே ஒரு அறைதான்மா," என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "அப்ப வாசல்ல போய் நில்லுங்க. மழை பெஞ்சாலும்," என்றாள்.

வீட்டில் இப்போது மத்தியானத்தில் நிஜமாகவே சத்தமில்லை. ஒருநாள் கணவர் இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தூக்கம் வரல," என்றார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கேன். தருவானான்னு தெரியல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போவாள். மகள் கதவைத் திறந்து, "வாங்கம்மா," என்பாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். "நல்லா இருக்கீங்களா?" என்பாள். நோட்டைக் காட்டுவாள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு எழுத்து நிமிர்ந்துவிட்டிருந்தது. போகும்போது, "பத்திரமா போங்கம்மா," என்பாள். கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட உறவுக்காரியைக் கவனிக்கிற மாதிரி இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்வாள் சின்னவள்.

ஒன்பதாவது ஞாயிறு. அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. மகள் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னைக்கு டீச்சர்கிட்ட ஏன் சொன்னீங்க?"

சின்னவள் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். மகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நான் நல்லாத்தானே சொன்னேன்?"

"ரொம்ப நல்லா சொன்னே."

"டீச்சர் நம்பிட்டாங்கதானே?"

"நம்பினாங்களோ என்னமோ. எனக்கே, பூனை நெஜமா ஓடின மாதிரி இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன் கண்ணு. எட்டு வயசுல யாருக்கும் அவ்வளவு நல்லா பொய் சொல்ல வரக் கூடாது."

மகள் ஆரஞ்சுச் சுளையை மேஜைமேல் வைத்தாள். காது மடல் சிவந்தது.

"எல்லாரும் என்னைப் பொய் சொல்றவன்னு நெனச்சுட்டாங்க. நான் உனக்காகத்தான் சொன்னேன். நீ என்னை மாட்டிவிட்டே." மகள் அவளை ஒருமையில் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "நான் அழவேயில்ல. கை எவ்வளவு வலிச்சுது தெரியுமா? ராத்திரியெல்லாம் வலிச்சுது. நான் சொல்லவேயில்ல. நீ அடிச்சிட்டு, நீயே சொல்லி, நீயே என்னை இங்க அனுப்பிட்டே!"

"ஆமா."

"சும்மா ஆமாங்காதே!" உரித்த பழத்தை எடுத்து எறிந்தாள். அது சின்னவளின் தோளில் பட்டுத் தரையில் சிதறியது. மகளின் கண்கள் ஒரு கணம் அம்மாவின் கைகளுக்குப் போயின. கைகள் மடியிலேயே இருந்தன. அவ்வளவுதான், அணை உடைந்தது. "நீ கெட்டவ! அப்பாவும் கெட்டவரு! போ! இனிமே வராதே!"

அக்கா ஈரத் துணியோடு உள்ளே ஓடிவந்தாள். "என்னடி இது, அம்மாவப் போய்..."

"விடுக்கா," என்றாள் சின்னவள். "பேசட்டும்."

மகள் பேசினாள். மூன்று வயதிலிருந்து என்று எண்ணி வைத்திருந்தவள்போல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தட்டு, பால், மூத்திரம் போன பாவாடை, தொலைந்த பென்சில். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னாள். சின்னவள் எதையும் மறுக்கவில்லை. ஒன்றிரண்டு அவளுக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. அக்கா துணியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்து அறையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சின்னவள் குனிந்து ஆரஞ்சுச் சுளைகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். மகளைத் தொடப் போகவில்லை.

"வரேன் கண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன்."

"வராதே. கதவத் தொறக்க மாட்டேன்."

"வெளிய படியில உக்காந்திருக்கேன்."

"மழை பெய்யும்."

"நனையறேன்."

"நனைஞ்சு போ!" என்று கத்திவிட்டு மகள், சின்னவள் வாசலைத் தாண்டியதும் கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "மெதுவாடி, கதவு பேந்துடப் போகுது!"

"பேந்தா பேரட்டும்க்கா," என்றாள் சின்னவள், வெளியே படியில் நின்று குடையை விரித்துக்கொண்டே. "கதவுதானே."